பாலத்துக்கு அந்தப் பக்கத்துப் படங்கள்

எங்கள் வீட்டில் ரிவி றிமோட் எப்போதும் என் கணவர் கையில்தான் இருக்கும். படத்தில் ஒரு ஆணும் பெண்ணும் கொஞ்சம் கிட்ட வந்தால் போதும், இவர் காலநிலைச் சனலுக்கு மாற்றிவிடுவார். முத்தம் முடிந்திருக்கும் என்று ஒரு கணக்குப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். சிலவேளை கணக்குப் பிழைத்து, இன்னும் மோசமான இடத்தில் போய் நிற்கும். இப்படிப் பார்த்துப் பார்த்து, அந்தக் காலத்தில் ஸ்காபரோவில் நாளைக்கு மழையா வெயிலா என்று எங்கள் மகளைக் கேட்டால் போதும். தமிழ்க் கசெற் கடையில் எடுத்துவரும் படமும் அப்படித்தான். மழையில் நனைகிற பாட்டு வந்தால் இவர் வேகமாக ஓடவிடுவார். நாங்கள் மூன்று பேரும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், மகளுக்குப் பதினேழு வயது நடக்கும்போது, அவள் ஒரு கசெற் கொண்டுவந்தாள். அவளோடு படிக்கிற ஒரு பிள்ளையின் தாய் அமெரிக்காக்காரி. இங்கே கலியாணம் செய்து வந்து எங்கள் கட்டடத்துக்குப் பின்தெருவில் இருந்தவள். வெள்ளிக்கிழமைகளில் தன் வீட்டு பேஸ்மென்றில் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் போடுவாள். ரிவியில் வருகிற குப்பைக்குப் பதிலாக நல்ல படங்கள் என்று அமெரிக்காவிலிருந்து தபாலில் வருமாம்.

நாங்கள் பார்த்தது அமெரிக்காவின் பழைய காலத்துச் சண்டைப் படம், ஒரே பனி. கிழிந்த சப்பாத்தோடு பையன்கள் ஆற்றைக் கடக்கிறார்கள், ஒரு தாய் முழங்காலில் நின்று கும்பிடுகிறாள், கடைசியில் கொடி ஏறுகிறது. முத்தமும் இல்லை, மழையும் இல்லை. பாதிப் படத்தில் இவர் றிமோட்டைக் கதிரையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடித்தார். எங்கள் வீட்டில் ஒரு படத்தை முதலிலிருந்து முடிவுவரை ஒரு இடமும் விடாமல் பார்த்தது அன்றைக்குத்தான்.

பக்ரறியில் எனக்குப் பக்கத்தில் நின்று போத்தல் மூடி அடைக்கிற அக்கா அந்தக் கசெற்றை இரவல் வாங்கிக்கொண்டு போனா. அவவின் பெடியன் காற்சட்டையை இடுப்புக்குக் கீழே விட்டு, கெட்ட வார்த்தைப் பாட்டுக் கேட்டுத் திரிகிறவன். “உமக்குக் கிடைச்சது தங்கம்,” என்றா. “என்ரையைக் குடுத்து மாத்துவன், நீர் விடமாட்டீர்.”

எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். எனக்குத் தெரியாத விஷயம் உலகத்தில் நிறைய இருக்கிறது என்பது மட்டும் நல்லாய்த் தெரியும். அதனால் நல்லது நடந்தாலும் அதற்குப் பின்னால் என்ன வருகிறதோ என்று எட்டிப்பார்க்கிற மனம். மகள் பழைய உடுப்புக் கடையில் ஒரு நீலக் கோட்டு வாங்கினாள். வெள்ளிக்கிழமைப் பிள்ளைகள் எல்லாரும் போடுகிற மாதிரிக் கோட்டு. கூடாத நிகழ்ச்சிகளை நிறுத்தச் சொல்லி ரிவி நிலையத்துக்குக் கடிதம் போட்டாள். பிறகு ஒருநாள் மரக்கறிக் கடை அங்கிள் என்னைக் கண்டு, பிளாசாவில் இங்கிலிஷ் வீடியோக் கடைக்கு முன்னால் உங்கடை மகள் சுலோகம் எழுதின மட்டை பிடிச்சுக்கொண்டு நிக்கிறா என்றார். கூடாத படங்களின் அட்டையைச் சின்னப் பிள்ளைகளின் கண்ணுக்கு எட்டாத தட்டில் வை என்று கேட்கிறார்களாம். நல்ல விஷயம்தானே என்று அவரும் சொன்னார். ஆனால் மட்டை பிடிப்பது ஊரில் எனக்குத் தெரிந்த ஒன்று. அது எங்கே போய் முடியும் என்பதும் தெரியும்.

அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிவரப் போகிற மாதிரிக் கொஞ்சம் முந்திப் போனேன். பேஸ்மென்ற் படியில் நின்று பார்த்தால், பிள்ளைகள் எல்லாரும் அமெரிக்கக் கொடிக்கு முன்னால் நெஞ்சில் கை வைத்து நிற்கிறார்கள். என் மகள் முன்வரிசை. காலையில் நான் பூசிவிட்ட திருநீறு நெற்றியில் அப்படியே இருக்கிறது.

நாங்கள் கனடாப் பிரஜை ஆகி இரண்டொரு வருஷம்தான். அதற்கே நான் சத்தியம் எடுத்த மண்டபத்தில் எதற்கு வாயசைக்கிறேன் என்று தெரியாமல் வாயசைத்தவள். பிறந்த நாட்டுக் கொடியை நாங்கள் வீட்டில் ஏற்றியதில்லை. இவள் என்னவென்றால் மூன்றாவது ஒரு நாட்டுக்கு அழுகிற முகத்தோடு நிற்கிறாள்.

ஊரில் எனக்கு ஒரு தம்பி இருந்தான். அவனும் தியேட்டருக்குப் போகிறதை விட்டான். சினிமா சனத்தைக் கெடுக்குது என்றான். கோயில் வீதியில் சண்டைக்கு ஆள் சேர்த்த இயக்கப் பெடியங்கள் போட்ட தெருக்கூத்தையும் ஜெனரேற்றர் வைத்துக் காட்டிய வீடியோவையும் பார்த்துவிட்டு வந்து, அம்மாவுக்கு விறகு கொத்திக் கொடுத்தான். இப்ப நல்ல பிள்ளையாய் வாறான் என்று ஊரே சொன்னது. பதினேழு வயதில் சைக்கிளைத் துடைத்து விறாந்தையில் விட்டுவிட்டு இயக்கத்துக்குப் போனவன், வரவேயில்லை.

அதனால், பஃபலோவில் பெரிய இளைஞர் கூட்டம், சனிக்கிழமை பஸ்ஸில் போகிறோம், நான் மேடையில் பேசப்போகிறேன் என்று மகள் வந்து சொன்னபோது நான் என் ஊர்த் தாய்மார் செய்ததைத்தான் செய்தேன். அவர்கள் பெடியங்களின் சைக்கிளையும் சேர்ட்டையும் ஒளிப்பார்கள். நான் மகளின் பாஸ்போட்டைப் பொலித்தீனில் சுற்றி அரிசி வாளிக்குள் தாட்டேன். அது போதாது என்று பட்டு, சப்பாத்தையும் தூக்கிக் குளியல்தொட்டித் திரைக்குப் பின்னால் வைத்தேன்.

இவர் கண்டுவிட்டுச் சிரித்தார். “உங்கை என்ன வன்னிக் காடே கிடக்கு? ஹைவேயாலை ரெண்டு மணித்தியாலம்.”

மகள் சிரிக்கவில்லை. சோறு போடும்போது நான் வாளியைப் பார்த்த பார்வையிலேயே பிடித்துவிட்டாள். கையை விட்டு எடுத்து, அரிசியைத் தட்டி, மேசையில் வைத்தாள்.

“அம்மா, களவாப் போறதெண்டால் திகதி சொல்லிப்போட்டே நான் போவன்?”

போனவர்கள் ஒருவரும் சொல்லிவிட்டுப் போகவில்லைத்தான். ஆனால் பயம் நியாயம் கேட்டா வருகிறது?

அன்றைக்கே அவள் எனக்கு விளங்கட்டும் என்று இன்னொரு கசெற் போட்டுக் காட்டினாள். போன வருஷக் கூட்டமாம். நீலக் கோட்டுப் போட்ட ஒரு இளந்தாரி மேடையில் பேசுகிறான். நல்ல வடிவான பிள்ளை, தலையை மேவி வாரி இழுத்திருக்கிறான். அவனுக்குப் பின்னால் திரையில் ஒரு பாலம். எனக்குத் தெரிந்த பாலம். எண்பதுகளின் கடைசியில், எட்டு வயதுப் பிள்ளையோடு நியூயோர்க்கில் இறங்கி, பஸ்ஸில் பஃபலோ வந்து, கனடா எங்களை எடுக்குமா என்று குளிருக்குள் காத்துக் கிடந்துவிட்டு நாங்கள் கடந்த பாலம்.

“உந்தப் பெடியன் என்ன சொல்லுறான்?” என்று கேட்டேன்.

மகள் கசெற்றை நிறுத்தினாள். பிறகு, பேப்பர் இல்லாமல் வாற ஆக்களை மறிக்க வேணுமாம் என்றாள்.

“எங்களையோ?”

“நோ அம்மா. இற்ஸ் நொட் அபௌட் அஸ். அது வேற ஆக்கள்.”

“நாங்கள் என்ன பேப்பரோடை வந்தனாங்கள் பிள்ளை?”

அவள் முகம் சிவந்துபோனது. கோபம் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு. “அங்கை அந்த மடத்திலை எனக்குக் காலுறை போட்டுவிட்ட மனிசி எந்த நாட்டு ஆள்? உங்களுக்கு நினைவிருக்கே? நீங்கள் எல்லாரும் அழுதுகொண்டிருந்தனீங்கள். அவ மட்டும்தான் என்னோடை விளையாடினவ.”

நினைவிருக்கிறது. ஒரு பழைய கன்னியர்மடத்தில் எங்களை வைத்திருந்தார்கள். சுவரோரம் சுவரோரமாய்ப் படுத்திருந்தோம். அந்த மனிசி தலை நரைத்தவ, மேற்சட்டையில் அமெரிக்கக் கொடி குத்தியிருந்தா. நான் அவவின் முகத்தை மறந்துபோனேன். என் பிள்ளை மறக்கவில்லை. அவளுடைய அமெரிக்கா அந்த மனிசிதான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்கியதும் குழப்பம் கூடியதே தவிரக் குறையவில்லை.

போகாதே என்று சொல்ல முடியவில்லை. போ என்றும் சொல்ல முடியவில்லை. கடைசியில், நானும் வாறன் என்றேன்.

வேண்டாம் என்பாள் என்று நினைத்த அந்த அமெரிக்காக்காரி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சந்தோஷப்பட்டாள். பஸ்ஸில் முன்சீற் எனக்கு. காலுக்குப் போர்வை தந்தாள். நான் கட்டிக்கொண்டு போன இடியப்பத்தைப் பிள்ளைகளுக்குப் பகிர்ந்து, தானும் கையால் எடுத்துச் சாப்பிட்டாள். கெட்ட ஆள் என்றால் எனக்கு எவ்வளவு சுகமாக இருந்திருக்கும்.

மண்டபம் நிறையக் கொடி. பிள்ளைகள் ஒவ்வொருவராய் ஏறிப் பேசினார்கள். தாங்களே எடுத்த சின்னச் சின்னப் படங்கள் காட்டினார்கள், பாடினார்கள். என் மகளின் பெயரைச் சொன்னதும் அவள் நீலக் கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு மேடையில் ஏறினாள். பக்ரறி இங்கிலிஷை வைத்துத்தான் கேட்டேன். ஆனாலும் விளங்கியது. அப்போது எனக்கு எட்டு வயது என்றாள். இந்த மண்டபத்துக்குக் கொஞ்சத் தூரத்தில்தான் படுத்திருந்தேன் என்றாள். காலுறையைச் சொன்னாள். பிறகு அவள் எழுதி வைத்ததில் இல்லாத ஒன்றைச் சொன்னாள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் கடதாசியை மடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள்: எங்களிடம் ஒரு பேப்பரும் இருக்கவில்லை.

நான் கதிரையின் விளிம்பைப் பிடித்தேன். இப்போது எங்களைத் துரத்துவார்கள் என்று உண்மையாகவே நினைத்தேன். கைப்பையை எடுத்து மடியில்கூட வைத்துவிட்டேன்.

மண்டபம் எழும்பி நின்று கை தட்டியது. அமெரிக்காக்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவளுடைய கண்ணீர் என் கழுத்தில் பட்டது.

மகளுக்குப் பிறகு ஏறியது கசெற்றில் கண்ட அதே இளந்தாரி. திரையில் அதே பாலம். அவன் பேசியது எனக்கு இப்போது ஓரளவு தெரியும். அவன் முடித்ததும் மண்டபம் திரும்பவும் எழும்பியது. அதே சனம், அதே கைதட்டு. அமெரிக்காக்காரி கன்னத்து ஈரத்தைத் துடைக்காமலே தட்டினாள். எல்லாரும் எழும்ப நானும் எழும்பிவிட்டேன். தட்டவில்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்னால் பார்த்தால் மகளும் அப்படித்தான் நின்றாள். அவளிடம் பையும் இல்லை. கோட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருந்தாள்.

திரும்பி வரும்போது பிள்ளைகள் பின்னால் பாடிக்கொண்டு வந்தார்கள். மகள் அவர்களோடு இருக்காமல் முன்னுக்கு வந்து என் பக்கத்தில் இருந்தாள். பாலத்தில் பஸ் மெதுவாய் ஊர்ந்தது. கனடாப் பக்கத்து அதிகாரி ஏறி, எங்கள் இரண்டு பேருடைய பாஸ்போட்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் தந்துவிட்டுப் போனார். மகள் போர்வையில் பாதியை இழுத்துத் தன் காலில் போட்டாள்.

“அம்மா,” என்றாள், “அவையள் எனக்கு ஏன் கை தட்டினவை?”

“நீ நல்லாப் பேசினாய்.”

“அதில்லை. பிறகு அவனுக்கும் தட்டினவைதானே.”

“எனக்கென்ன தெரியும் பிள்ளை. நான் உன்னட்டைக் கேக்க வேணும் எண்டு இருந்தனான்.”

அவள் கேட்டுக்கொண்டு யன்னலால் பார்த்தாள். கீழே ஆறு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை போவியா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. அவளுக்கே இன்னும் தெரியாது என்பது அவள் இருந்த இருப்பில் தெரிந்தது. தெரியாமல் இருப்பதற்கு என் பக்கத்தில்தான் வந்து இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு, போர்வையில் மற்றப் பாதியையும் அவள் பக்கம் தள்ளிவிட்டேன்.