மதகடி அம்மனின் முதல் தண்ணீர்

தஞ்சாவூரில், பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் வாயிலில், பைகளை வாங்கி வைக்கும் மேசையின் மீது, என் தகப்பனாரின் பித்தளைச் செம்பை இந்த ஆண்டும் வைத்தேன். நன்னிலத்துப் பக்கம் எங்கள் ஊர் வாய்க்காலுக்குக் காவிரித் தண்ணீர் வந்து சேர்ந்த காலையில் முகந்த நீர் அதில் இருந்தது. காவலர் எட்டிப் பார்த்துவிட்டு, "தண்ணியெல்லாம் உள்ள விட மாட்டாங்க பெரியவரே" என்றார்.

அந்த அருங்காட்சியகத்தை நிறுவியவர் எங்கள் பண்ணையார். ஊர் ஊராகச் சென்று சிலைகளையும் ஓவியங்களையும் சேர்த்தவர். இறுதியில் அனைத்தையும் பல்கலைக்கழகத்துக்கே எழுதிக் கொடுத்தவர். அவருடைய ரசனை போலியானதன்று. எங்கள் மதகடி அம்மனின் முன்னே, உச்சிவெயிலில் குடை விரிக்கவும் மறந்து அவர் நின்றதை நான் கண்டிருக்கிறேன். முழங்கால் உயரக் கல். மூக்கு தேய்ந்த முகம். வாய்க்காலுக்குப் புதுத் தண்ணீர் வந்ததும், வயலுக்கு மடை திறக்கும் முன், ஒரு செம்பு முகந்து அவள் தலையில் ஊற்றுவது எங்கள் தெருவின் வழக்கம். ஊற்றும் உரிமை என் தகப்பனாருடையது. பண்ணையாரின் நிலத்தில் எங்களுக்கென்று இருந்த உரிமை அது ஒன்றுதான்.

"என் வயல்ல இருக்கிற கல்லுதானே" என்று சொல்லித்தான் அவர் அம்மனைத் தம் அருங்காட்சியகத்துக்குக் கேட்டார். தகப்பனார் தயங்கி நின்றபோது, "அம்மன் எங்கடா போயிடப் போறா? தண்ணி வந்ததும் செம்போட வா. நான் இருக்கேன்ல" என்றார். அருங்காட்சியகம் என்பது ஒரு பெரிய கோயில் என்றே எங்கள் தெரு எண்ணியது. ஆகவே அவளுக்கு எண்ணெய் பூசி, புதுத்துணி சுற்றி, பெண்கள் குலவையிட, நாங்களே வண்டியில் ஏற்றினோம். பறிகொடுத்தவர்களே குலவையிட்டு வழியனுப்பியதை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

மறு ஆண்டு தண்ணீர் வந்ததும் தகப்பனார் வெளுத்த வேட்டி கட்டி, செம்புடன் தஞ்சாவூருக்குப் புறப்பட்டார். அப்போது எனக்குத் திருமணமாகியிருந்தது. நானும் உடன் சென்றேன். அவள் கண்ணாடிப் பேழைக்குள் இருந்தாள். விருந்தினர் சூழ நின்ற பண்ணையார் எங்களை ஓரமாக அழைத்து, தாழ்ந்த குரலில், "இன்னிக்கு வேணாம்டா. கல்லு நனைஞ்சா பாசி புடிச்சிடும்" என்றார்.

செம்பு நிறைந்தபடியே திரும்பி வந்ததைக் கண்ட என் தாயார் பொரிந்து தள்ளினார். "மதகுல கெடந்தவரைக்கும் புடிக்காத பாசி, மாளிகைக்குப் போனதும் புடிச்சிடுமாக்கும்! பாசி புடிச்சது அவரு நாக்குலய்யா."

தகப்பனார் சிரிக்கவில்லை. அதன்பின் சாகும்வரை அவர் தம் கையால் மடை திறக்கவும் இல்லை.

பேழையின் அடியில் "வயல்வெளியில் கண்டெடுக்கப்பட்டது" என்று எழுதி வைத்திருக்கிறார்கள். தொலைந்த பொருளைத்தானே கண்டெடுப்பார்கள்? பண்ணையார் மறைந்து நெடுங்காலமாகிவிட்டது. அவர் வேண்டாமென்ற அந்த 'இன்னிக்கு' மட்டும் இன்னமும் முடிந்தபாடில்லை.

இம்முறை காவலர் என்மீது இரக்கப்பட்டு ஒரு யோசனை சொன்னார். "நாளைக்கு ஐயாவுக்குப் பொறந்த நாளுங்க. வெளிய அவரு சிலைக்கு மாலை போடுவாங்க, எப்படியும் கழுவணும். இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்துட்டீங்க, அதுக்கு ஊத்திட்டுப் போங்களேன்."

வாசலில் பண்ணையார் வெண்கலத்தில் நின்றுகொண்டிருந்தார். ஆண்டுதோறும் அவர் நனைகிறார்.

செம்பின் வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினேன். மதகடியில் அவளைப் பெயர்த்தெடுத்த குழி இன்னும் முழுதாகத் தூர்ந்துவிடவில்லை. தண்ணீர் அத்தனையையும் அதில் ஊற்றினேன். மண் குடித்துவிட்டது.