அப்பா பேரில் கொடுத்த ரத்தம்

கொலஸ்ட்ரால் என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவோடு மில்லில் வேலை பார்த்த ஒருவர் ஷிப்டின் நடுவே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். அப்பாவும் ரத்தம் சோதித்தே ஆகவேண்டும் என்று அம்மா அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். அப்பாவுக்கு நல்ல தொந்தி. ஞாயிறு தவறாமல் ஈரல் வறுவலும் நாலு முட்டையும் வேண்டும். ஊசி என்றால் ஆகவே ஆகாது. ரிசல்ட் வந்தால் ஈரல் போய்விடுமே என்ற பயம் அதைவிடப் பெரிது.

போத்தனூரில் இருந்த லேபுக்கு வெறும் வயிற்றோடு போகச் சொல்லியிருந்தார்கள். வழியில் அப்பா எதையும் தின்றுவிடக் கூடாதென்று அம்மா என்னைக் காவலுக்கு அனுப்பினாள். துணைக்கு மாமாவும் வந்தார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். முப்பது வயது. எவ்வளவு தின்றாலும் உடம்பில் ஒட்டாது. காலையில் எழுப்பிவிட்ட அவசரத்தில் அவரும் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

லேபுக்கு எதிரே இருந்த பேக்கரியில் அப்பா வண்டியை நிறுத்தினார்.

"மாப்ளே, என்ற பேரச் சொல்லி நீயே ரத்தத்தக் குடுத்துப்போடு. உன்ற ஒடம்புல தேடுனாலும் கொழுப்பு கெடைக்காது."

"அதுக்கென்னுங்க மச்சான், குடுத்துட்டாப் போச்சு" என்றார் மாமா.

எனக்கு ஒரு தேங்காய் பன் கிடைத்தது. என் காவல் அத்தோடு முடிந்தது.

லேபில் இருந்த அக்கா வயது கேட்டபோது மாமா கூசாமல் "நாப்பத்தி ரெண்டுங்க" என்றார். "பாத்தாத் தெரீலீங்க" என்று அந்த அக்கா சொன்னதும் மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சிரிப்பை அடக்க நான் பன்னை வாயில் அடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ரிசல்ட் வந்தது. கொலஸ்ட்ரால் தாறுமாறாக ஏறியிருந்தது. டாக்டர் அப்பாவுக்கு மாத்திரை எழுதி, ஈரல், ஆட்டுக்கறி, மஞ்சள் கரு எல்லாவற்றையும் குறைக்கச் சொன்னார். அம்மா அடியோடு நிறுத்திவிட்டாள். உண்மையைச் சொன்னால் வீட்டை ரெண்டாக்கிவிடுவாள் என்று அப்பா வாயைத் திறக்கவில்லை.

"லேபுல யாரோடதையோ மாத்திப்போட்டாங்க மச்சான்" என்று மாமா கிசுகிசுத்தார். அப்பாவும் நம்பினார். மாமாவின் உடம்பைப் பார்த்தால் யார்தான் நம்பமாட்டார்கள்?

அடுத்த ஞாயிறிலிருந்து அம்மா அப்பாவின் முட்டைகளைப் பிளந்து வெள்ளையை மட்டும் அவருக்கு வைத்தாள். மஞ்சளை எறிய அவளுக்கு மனசு வரவில்லை.

"நீ சாப்புடு சாமி, எலும்பும் தோலுமா இருக்கறே" என்று தம்பியின் தட்டில் போட்டாள். ஈரலும் அந்தத் தட்டுக்கே போனது. மாமா அப்பாவைப் பார்த்துக் கண்ணடித்துக்கொண்டே தின்பார். அப்பா பெருமூச்சு விடுவார். நான் புரையேறும்வரை சிரிப்பேன். ஏமாற்றியவருக்குத் தண்டனை, ரத்தம் கொடுத்தவருக்கு விருந்து என்று எனக்கு அது நியாயமாகவே பட்டது. அந்த ஞாயிறுகளுக்காக இப்போதும் ஏங்குகிறேன். அந்த மிளகு வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஆறு மாதம் கழித்து அம்மாவே கூடப் போய் நின்று அப்பாவின் ரத்தத்தைச் சோதிக்க வைத்தாள். எல்லாம் சரியாக இருந்தது. தன் சமையல்தான் காப்பாற்றியது என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள்.

மாமாவுக்கு நாற்பத்து மூன்று வயதானபோது, மதுக்கரையில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதுக்கு முன்னாடி எப்பவாச்சும் கொலஸ்ட்ரால் பாத்திருக்காருங்களா?" என்று கேட்டார்.

"ஒருக்காலும் இல்லீங்க. என்ற தம்பிக்குக் காய்ச்சல்கூட வந்ததில்லீங்க" என்றாள் அம்மா.

அப்பா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். ஒல்லியாக இருப்பவர்களுக்கும் கொலஸ்ட்ரால் ஏறும் என்று அந்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். மாமா மறுநாள் போய்விட்டார்.

லேபில் யாரும் எதையும் மாற்றவில்லை. அந்தத் தாளில் பேரும் வயதும்தான் பொய். பன்னைத் தின்றுகொண்டிருந்த எனக்கு அது புரியவில்லை.

அம்மா இன்றும் ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முட்டையைப் பிளக்கிறாள். மஞ்சள் கருவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள்.

"அவன் இருந்தா ஆசையாத் தின்னுவான்" என்பாள்.

நானும் அப்பாவும் தலை நிமிராமல் சாப்பிடுவோம்.