ஒரு படி தவிடும் பத்து ரூபாயும்

சவுரியம்மாளுக்கு நான் பத்து ரூபாய் கடன்பட்டிருந்தேன். அவளிடம் ஒரு தம்பிடிகூடக் கைநீட்டி வாங்காமல் பட்ட கடன் அது. என் வாயால் பட்டது.

ஆம்பூரில் என் பட்டை மண்டியைத் தெரியாதவன் கிடையாது. ரயிலை விட்டு இறங்கி யாரைக் கேட்டாலும் "காசிநாதன் மண்டியா?" என்று கையைக் காட்டுவான். எனக்குப் படிப்பு அரிச்சுவடியோடு சரி. கூட்டல் கழித்தல் எல்லாம் நானே கத்துக்கொண்டது. ஆனால் மண்டி எப்படி வந்தது என்று கேட்கிறவர்களுக்குச் சவுரியம்மாளைச் சொல்லாமல் சொல்ல முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அவள் எங்கள் லைன் வீடுகளில் எதிர் வீட்டுக்காரி. தோல் ஷாப்பில், தோல் பதனிடுகிறதுக்கு ஆவாரம்பட்டை இடிக்கிற வேலை. புருஷன் ரத்தினசாமி கோலார் தங்கவயலில் இருந்தான், வருஷத்துக்கு ஒரு தரம் கிறிஸ்துமஸுக்கு வருவான். அவள் வேதக்காரி. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவாள், திரும்பி வரும்போதே யாரையாவது திட்டிக்கொண்டு வருவாள். ஆறு பெற்றாள், ஆறும் உயிரோடு இருந்தது. எங்கள் லைனில் வேறு எவளும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. பிற்காலத்தில் அவள் வீட்டில் ஒரு எருமை நின்றது. அது என் பத்து ரூபாயில் கிடேரியாக வாங்கினது.

எங்களுக்கு முதலில் பிறந்த பையன் மூணாம் மாசம் போய்ட்டான். அடுத்தவன் எட்டாம் மாசம். மூணாவது பெண். டெல்லியில் புது ராஜாவுக்குப் பட்டம் கட்டின வருஷம், மாசி மாசம் பிறந்தது. அப்போது எனக்கு இருபத்தைந்து வயசு, அதே ஷாப்பில் தோல் ஊறவைக்கிற சுண்ணாம்புக் குழியில் வேலை, நாலணா கூலி. என் சம்சாரம் முனியம்மா பிள்ளை பிறந்த அன்றே சொல்லிவிட்டாள், "இதை வித்துடணும்."

இதை அறியாதவர்கள் பயப்பட வேண்டாம். பிறக்கிற பிள்ளையெல்லாம் தங்காமல் போனால், அடுத்ததை ஒரு படி தவிட்டுக்கு வேற ஒருத்திக்கு விற்றுவிடுவது எங்களில் வழக்கம். பிள்ளைகளைக் கொண்டுபோக வருகிறது எதுவோ, அது வந்து பார்க்கும்போது "இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, விலையும் தவிட்டு விலை" என்று விட்டுவிட்டுப் போக வேண்டும். பால் பெற்றவள்தான் கொடுப்பாள், பிள்ளையும் பெற்ற வீட்டில்தான் கிடக்கும். ஆனால் சொந்தம் வாங்கினவளுக்கு. ஒரு வருஷம் கழிந்தால் விலை கொடுத்துத் திரும்ப வாங்கலாம். அதுக்கும் ஒரு படி தவிடு, மிஞ்சினால் காலணா.

ஆறு பெற்று ஆறும் நிற்கிற சவுரியம்மாளைத்தான் முனியம்மா கேட்டாள்.

"உங்க சமாச்சாரம் எல்லாம் எனக்கு இன்னாடி தெரியும்? எங்க கோயில் சாமியார் கேள்விப்பட்டா பேஜாரு" என்றாள் அவள். ஆனாலும் பதினோராம் நாள் முறத்தில் தவிட்டோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். லைனே கூடியிருந்தது. எங்கள் மேஸ்திரி கோவிந்தசாமியும் இருந்தார்.

"இந்த வூட்டுல ஒண்ணுத்துக்கும் ஆவாத புள்ள ஒண்ணு இருக்குதாமே. ஒரு படி தவிடு தர்றேன், குடுக்கிறியா?"

"எடுத்துக்கோ அக்கா. எனக்குத் தவிடு வந்தா போதும்" என்றாள் முனியம்மா. தவிடு மடியில் விழுந்தது, பிள்ளை கை மாறியது.

அத்தோடு நான் சும்மா இருந்திருக்கலாம். என் பெண் ஒரு படி தவிட்டுக்குப் போவதை மேஸ்திரி பார்த்துச் சிரித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்கு வேணா தவிடு. அடுத்த மாசி வரட்டும். ராணித் தலை போட்ட ரூபா பத்து, இந்தக் கையால எண்ணி அக்கா கையில வெச்சுத் திரும்ப வாங்கறேன். இது சத்தியம்!" என்றேன்.

முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டியாடி முனியம்மா" என்றாள் சவுரியம்மாள். "நான் படி தவிட்டுக்கு வாங்கின புள்ளைய உன் புருஷன் நின்ன நிலையில பத்து ரூபா புள்ளையாக்கிட்டான். வர்றது செவிடா இருந்தா தப்பிச்சோம்."

மறுநாள் முனியம்மா சொன்னாள். "சொன்னதைச் சொல்லிட்டே. இனிமே ஒரு அணா கம்மியா குடுத்தாலும் புள்ள நம்முது இல்ல. நானும் வாங்கிக்க மாட்டேன்."

பத்து ரூபாய் என்றால் எனக்கு நாற்பது நாள் கூலி.

அதுக்கப்புறம் அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் பிள்ளை பார்க்கிற வேலைக்காரர்கள். "நம்ம புள்ள" என்று வாய் தவறிக்கூட வரக்கூடாது. "எதிர் வூட்டுது முழிச்சிக்கிச்சு", "சவுரியம்மா புள்ள பாலுக்கு அழுது" என்றுதான் பேச்சு. தவிட்டம்மா என்று பெயர். புதுத்துணி கிடையாது, நாலு வீட்டில் கேட்டு வாங்கின கந்தல்தான். அழகு என்று யாரும் சொல்லக்கூடாது. உண்மையில் அழகாகவும் இல்லை, என் மூக்கு.

நாற்பதாம் நாள் முனியம்மா பட்டை இடிக்கத் திரும்பிவிட்டாள். அவளுக்கு விடியும்போதே வேலை. எனக்குக் குழியில் இறங்குவது எட்டு மணிக்கு. ஆகக் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டுகிறது என் தலையில் விழுந்தது. இந்த ஊரில் அப்போது பிள்ளை குளிப்பாட்டத் தெரிந்த ஆம்பிளை நான் ஒருத்தன்தான். இப்பவும் எத்தனை பேர் இருப்பார்கள்?

சுண்ணாம்பில் நிற்கிறவன் கை எப்படி இருக்கும் என்று தெரியாதவனுக்குச் சொல்லிப் புரியாது. தோல் வெடித்து மரப்பட்டை மாதிரி இருக்கும். முதல் நாள் முதுகைத் தேய்த்தேன், சிவப்பாக மூணு கோடு விழுந்தது. ஷாப்புக்குக் கொண்டுபோனபோது சவுரியம்மாள் பார்த்துவிட்டாள்.

"யார்ரா என் புள்ள முதுகுல கோடு போட்டது? இது இன்னா ஆட்டுத்தோலா, முடி சுரண்டறதுக்கு?"

"நான்தான்க்கா. தெரியாம பட்டுடுச்சு."

"உள்ளங்கைய காட்டாதே. புறங்கையால தேய். தூக்கறதுன்னா முழங்கை மடிப்புல தூக்கு. வாங்கின சரக்கு எனக்குப் பழுதில்லாம வேணும்."

அப்படியே செய்தேன். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே பிள்ளையைக் குப்புறப் போட்டு, புறங்கையால் தேய்ப்பேன். பிறகு கையெல்லாம் புங்கெண்ணெய் தடவிக்கொண்டு, கந்தலில் சுற்றி, முழங்கை மடிப்பில் வைத்துத் தோல் ஷாப்புக்குக் கொண்டுபோவேன். பட்டைக் கொட்டகை விட்டத்தில் முனியம்மா பழைய சேலையில் ஏணை கட்டியிருந்தாள். உலக்கைச் சத்தம் நின்றால்தான் அந்தப் பிள்ளை முழிக்கும்.

வழியில் மேஸ்திரி விடமாட்டார். "இன்னா ஜமீன்தாரே, பால் குடுக்கவும் கத்துக்கினியா?"

"கத்துக் குடுங்க மேஸ்திரி, அதையும் உங்களைவிட ஒழுங்கா செய்யறேன்."

பணத்துக்கு வழி வெள்ளிக்கிழமையில் கிடைத்தது. எங்கள் முதலாளி நிசார் அஹமது சாயபு, அதனால் வெள்ளிக்கிழமை ஷாப் லீவு. மற்றவன் எல்லாம் லீவில் தூங்குவான். நாங்கள் மூணு பேரும் நாயக்கனேரி மலையடிக்கு நடந்துவிடுவோம். புறம்போக்கு முழுக்க ஆவாரஞ்செடி. நான் கிளை வெட்டுவேன், முனியம்மா கல்லில் தட்டிப் பட்டையை உரிப்பாள். பிள்ளையை நிழலில் துணி விரித்துப் போட்டு, எறும்பு வராமல் சுற்றிலும் சாம்பலால் ஒரு வட்டம் போடுவோம். நாலாம் மாசம் வட்டத்துக்குள் கிடந்தது. ஆறாம் மாசம் புரண்டு வட்டத்தை அழித்தது. ஏழாம் மாசம் உட்கார்ந்து ஆவாரம்பூவைப் பிய்த்து வாயில் போட்டது. கேழ்வரகுப் பால் காய்ச்சித் தூக்கில் கொண்டுபோவோம், அதைத் துப்பும், பூவைத் தின்னும்.

கட்டு இரண்டணா என்று சாயபுவே நேரில் எடுத்துக்கொண்டார். "பட்டை நல்லா காஞ்சிருக்கு, மண்ணு கம்மி" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். என் சரக்கில் மண் இருக்காது, அன்றைக்கும் சரி இன்றைக்கும் சரி. பிள்ளைக்கு எட்டாம் மாசம் வந்தபோது மூங்கில் குழாயில் ஏழு ரூபாய் இருந்தது.

எட்டாம் மாசம் ஐப்பசி. மழை. பிள்ளைக்குப் பேதி கண்டது. இரண்டு நாளில் கண் உள்ளே போய், உச்சிக் குழி பள்ளம் விழுந்தது. இரண்டாவது பையனுக்கும் அப்படியேதான். முனியம்மா அசையாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் மஞ்சத்தண்ணி, வேப்பிலை என்று ஏதோ சொன்னேன்.

சவுரியம்மாள் முக்காட்டோடு உள்ளே வந்தாள். "வேலூர்ல டாக்டரம்மா இருக்காங்க. காலை வண்டிக்குக் கிளம்புங்க."

"அவ்வளவு தூரமாக்கா? மழையில..."

"உன்னை யார்ரா கேட்டது? புள்ள யாருது? நான் வாங்கின புள்ள, நான் சொல்றேன். தூக்கு."

தூக்கினேன், முழங்கை மடிப்பில். குழாயை உடைத்துப் பணத்தை மடியில் கட்டிக்கொண்டேன். சவுரியம்மாளும் எங்களோடு கிளம்பினாள். காட்பாடியில் இறங்கி, மாட்டுவண்டி பிடித்து ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது பிள்ளைக்கு அழக்கூடச் சத்தம் இல்லை. அங்கே நோட்டு எழுதுகிற நர்ஸம்மா கேட்டாள், "தாய் பேரு?"

முனியம்மாவின் மார்பெல்லாம் பாலில் நனைந்து சேலையில் தெரிந்தது. அவள் சொன்னாள், "சவுரியம்மாள்."

"நீ யாரு?"

"பால் குடுக்க வந்தவ."

நர்ஸம்மா பிள்ளை முகத்தைப் பார்த்தாள், என் மூக்கைப் பார்த்தாள். "தகப்பன் பேரு?"

சவுரியம்மாள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ரத்தினசாமி. கோலார்ல வேலை."

ஆக வேலூர் ஆஸ்பத்திரி நோட்டில் என் பெண்ணுக்கு அப்பன் கோலார் ரத்தினசாமி. என் ஆயுசில் நான் வாயைத் திறக்காமல் நின்றது அன்று ஒரு நாள்தான்.

ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். சொட்டுச் சொட்டாக மருந்துத் தண்ணி ஊற்றச் சொன்னார்கள். முனியம்மாவும் நானும் மாற்றி மாற்றி ஊற்றினோம். ஐந்தாம் நாள் தானாக வாயைத் திறந்தது. பத்தாம் நாள் ஊருக்கு வந்தோம். ரயில், வண்டி, சாப்பாடு, இரண்டு பேர் கூலி போனது எல்லாம் போக என் மடியில் இருந்தது ஒண்ணரை ரூபாய்.

மாசி வந்தது. பிள்ளை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றது. என்னிடம் ஆறு ரூபாய் நாலணா. சவுரியம்மாளிடம் போய்ப் பேசிப் பார்த்தேன்.

"அக்கா, ஆறு வெச்சுக்கோ. வழக்கத்துக்குக் காலணா போதும். நான் ஜாஸ்தியாத்தான் குடுக்கிறேன்."

"எனக்கு இன்னாத்துக்குடா உன் பணம்? காலணாவுக்கே குடுப்பேன்" என்றாள். "ஆனா நீ ஊர் பாக்கச் சத்தியம் பண்ணே. உன் சத்தியத்தை நான் பொய்யாக்கிட்டு, நாளைக்குச் சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல அதையும் சொல்லிக்கினு நிக்கணுமா? இருக்கிற பாவமே போதும்."

மேஸ்திரி முன்பணம் தருகிறேன் என்றார். முனியம்மா ஒரே சொல்லாகச் சொன்னாள், "அவர்கிட்ட வாங்கிக் குடுத்தா புள்ள அவர்கிட்ட போன மாதிரி. ஒரு வீட்டுக்குக் குடுத்து நான் பட்டது போதும்."

அந்தச் சமயத்தில்தான் தவிட்டம்மா என்கிற அந்தக் கழுதைக்குப் பேச்சு வந்தது. சவுரியம்மாளைப் பார்த்து "ம்மா" என்றது. முனியம்மா அப்போது அடுப்பில் ஊதிக்கொண்டிருந்தாள், ஊதிக்கொண்டேதான் இருந்தாள்.

அடுத்த ஒன்பது வெள்ளிக்கிழமை நான் வெட்டினது மாதிரி எவனும் வெட்டியிருக்க மாட்டான். வேலை நாளிலும் விடியுமுன்னே போய் ஒரு கட்டு கொண்டுவந்து போட்டுவிட்டுத்தான் பிள்ளையைக் குளிப்பாட்டுவேன். சாயபு பார்த்துவிட்டு, "காசி, நீ குழியில நிக்கிற ஆளு இல்ல" என்றார். அது எனக்கு முன்னாலேயே தெரியும். சித்திரையில் பத்து சேர்ந்தது. அதில் மூணு புது ராஜா தலை. கடைத்தெரு முழுக்க அலைந்து, மாற்றுக்கூலியாக வட்டம் கொடுத்து, மூணையும் ராணித் தலையாக மாற்றினேன்.

முதல் முறை கூடினது மாதிரியே லைன் கூடியது. மேஸ்திரியையும் நானே போய் அழைத்து வந்தேன். சவுரியம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வலது கையை நீட்டினாள். பட்டைச் சாயம் ஏறி ரேகையெல்லாம் கறுத்த கை. முனியம்மா முந்தானையை விரித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"இந்த வூட்டுல ஒரு புள்ள இருக்குதாமே" என்றாள் முனியம்மா. "விலைக்குத் தர்றியா அக்கா?"

"பத்து ரூபா ஆவும். ஆஸ்பத்திரிக்கெல்லாம் போயி வந்த புள்ள. கம்மி பண்ண மாட்டேன்."

நான் எண்ணினேன். "லாபம்." முதல் ரூபாய்க்கு ஒன்று என்று சொல்வதில்லை. "ரெண்டு. மூணு." ஒவ்வொன்றையும் தட்டி, சத்தம் கேட்கும்படி வைத்தேன். மேஸ்திரி தலையை நீட்டிப் பார்த்தார். ஒன்பது வரைக்கும் வைத்தாகிவிட்டது. பத்தாவதை எடுத்தேன். இடுப்பிலிருந்த பிள்ளை கையை நீட்டி அதைப் பிடுங்கிக்கொண்டது. வாய்க்குக் கொண்டுபோனது.

"வாங்குடா அதை. ஒன்பதுக்குத் தர்றதா இல்லே" என்றாள் சவுரியம்மாள். கையை மடக்கவில்லை.

என் கையால் பிடுங்கினால் கீறிவிடும். புறங்கையை அதன் கன்னத்தில் வைத்துத் தேய்த்தேன், குளிப்பாட்டும்போது தேய்க்கிற மாதிரி. அது என்னைப் பார்த்துச் சிரித்தது, விரலை விட்டது. அந்த ரூபாய் மற்ற ஒன்பதுக்கு மேலே போய் விழுந்தது.

"பத்து" என்றேன்.