ஆடியில் வந்த வக்கீல்

பஞ்சவர்ணத்துக்குப் பயம் கூடவே பிறந்தது. ரெட்டிபாளையத்தில் சுண்ணாம்புக்கல் சுரங்கத்து வெடிச் சத்தத்துக்கு நாங்கள் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் மட்டும் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிவருவார். புருஷன் இறந்தபின் சிமெண்டு ஆலைக் கேண்டீனில் இட்லி அவித்து மகன் கலைவாணனைப் படிக்கவைத்ததும் இதே மனுஷிதான். அவன் ஜெர்மனிக்கு வேலைக்குப் போன அன்று, இறங்கிவிட்டேன் என்று போன் வரும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை.

வைகாசியில் அவனுக்குக் கல்யாணம். லீவு முடிந்து அவன் திரும்பினான். மனைவி அனுசுயா விசாவுக்காக மாமியாரோடு காத்திருந்தாள். ஆடி பிறந்தது.

"அவருதான் ஜெர்மனியில இருக்காரே, ஆடிக்கு என்னை எதுக்கு அத்தை அம்மா வூட்டுக்கு அனுப்புறீங்க?"

"சாங்கியத்த மீறக் கூடாதும்மா. ஏதாவது ஆயிடும்."

சீரோடு வந்த அனுசுயாவின் அப்பா சிங்காரவேலு அவளைக் குரும்பலூருக்கு அழைத்துப்போனார். அடுத்த வாரமே ஒரு வக்கீல் வந்து நின்றார். கல்யாணச் சான்றிதழ் உண்மையா, பெண் இந்த வீட்டில் வாழ்கிறாளா என்று விசாரித்து எழுத ஜெர்மன் தூதரகம் அனுப்பிய ஆள்.

"மருமக எங்கம்மா?"

"அம்மா வூட்டுக்குப் போயிருக்குங்க. சண்டையெல்லாம் இல்லைங்க சார், ஆடிங்க!"

"ஆடி எனக்குத் தெரியும்மா. அவங்களுக்குத் தெரியாதே. பொண்ணு இங்க இல்லன்னுதானே நான் எழுதணும்?"

பஞ்சவர்ணம் தன் பயமே மகன் குடித்தனத்தில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டதே என்று அழுதுகொண்டே சம்பந்திக்குப் போன் போட்டார். நல்லவேளை, வக்கீல் பொறுமைசாலி. டீக்கடையில் காத்திருந்தார். சிங்காரவேலு மகளை பைக்கில் கொண்டுவந்து சேர்த்தார்.

பஞ்சவர்ணத்தை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, உள்ளே அனுசுயாவிடம் வக்கீல் கேட்டார்.

"மாமியார் எப்படி?"

"ரொம்பப் பயந்தவங்க சார். நான் குளிக்கப் போனா வழுக்கி வுழுந்துடுவேன்னு கதவுகிட்டயே நிப்பாங்க. வெடி வச்சா..."

அவள் முடிக்கவில்லை. சுரங்கத்தில் வெடித்தது. ஜன்னல் அதிர்ந்தது. தெருவில் பத்திரமாக நின்ற பஞ்சவர்ணம், வக்கீலையும் மறந்து வீட்டுக்குள் ஓடினார். அனுசுயாவின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். அவளும் பழகியவளாகக் கூடவே வந்தாள்.

வக்கீல் சிரித்துவிட்டார். "போதும்மா. பொண்ணு இங்கதான் வாழுதுன்னு எழுதிடுறேன்."

அவர் போனதும் சிங்காரவேலு பைக்கை எடுத்தார். பஞ்சவர்ணம் மருமகள் கையை விடவில்லை.

"ஆடியும் வேணாம் ஒண்ணும் வேணாம் சம்பந்தி. விசா வர்ற வரைக்கும் இங்கயே இருக்கட்டும். பயமா இருக்கு."

"விசா வந்தா அவ போயிடுவாளே. அப்புறம் வெடி வச்சா யாரு கையப் புடிப்பீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். பஞ்சவர்ணம் அதை அதுவரை நினைத்தே பார்த்திருக்கவில்லை.