பென் டிரைவில் வராத அப்பா

நாங்கள் ஒத்தக்கடையில் இருக்கிறோம். எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் பத்து வயது. நினைத்த நேரத்தில் அணைந்துவிடும். "இனி இதோட மல்லுக்கட்ட முடியாது" என்றார் கணவர். ஆயுத பூஜை எக்ஸ்சேஞ்சில் பழசைக் கொடுத்து லேப்டாப் வாங்கினோம்.

எதை வாங்குவது என்று இரண்டு வாரம் கடை கடையாக ஏறி இறங்கினோம். பழசில் இருந்ததை எடுத்து வைக்க நான் ஒதுக்கியது பத்து நிமிடம். திரையில் இருந்த ஃபோல்டர்களை எல்லாம் பென் டிரைவில் போட்டேன். பெயர்கள் சரியாக இருந்தன, திறந்து பார்க்கவில்லை. பழசுக்கும் பொட்டு வைத்து அனுப்பிவிட்டேன்.

தை மாதம் அப்பா தவறிவிட்டார். கேமராவைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதர். எங்கள் வீட்டுப் பால்காய்ப்பில் சிரித்தபடி மாட்டிய ஒரு படம்தான் உருப்படி. போஸ்டர் அடிக்கப் போன தம்பி, "அக்கா, படத்த அனுப்பு, இங்கன காத்துக்கிட்டு இருக்காக" என்று போனில் அவசரப்படுத்தினான்.

பென் டிரைவைச் செருகினேன். ஒரு ஃபோல்டரும் திறக்கவில்லை. நான் எடுத்தது வெறும் ஷார்ட்கட், ஃபோல்டர் இருக்கும் இடத்தைக் காட்டும் குறி மட்டும்தான். படங்கள் பழைய கம்ப்யூட்டரோடு போய்விட்டன. கடைக்குப் பேசினால், "அத அன்னைக்கே அழிச்சு வித்தாச்சுக்கா" என்றார்கள்.

ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கித்தான் தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி ஒட்டினோம்.

இப்போதெல்லாம் எடுத்து வைத்ததை வேறொரு கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை.

வீட்டுச் சுவரிலும் அந்த ஆதார் படம்தான். வெள்ளிக்கிழமை தோறும் அம்மா சொல்கிறார், "யாரோ ஒரு ஆளுக்கு மாலை போடுற மாதிரி இருக்குடி."