நோயாளி வேஷம்

அயர்லாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக ஆங்கிலப் பரீட்சை ஒன்றில் தேற வேண்டும். நான் இரண்டு தடவை கோட்டை விட்டிருந்தேன். பதினாறு வருஷம் ஊசி போட்ட கை, ஆனால் பேச்சுப் பகுதியில் கவிழ்ந்துவிடுவேன். அதில் ஒருவர் நோயாளியாக நடிப்பார், நான் ஆங்கிலத்தில் விசாரிக்க வேண்டும். மூன்றாவது தடவையும் தவறினால், வேலை தருவதாகச் சொன்ன ஆஸ்பத்திரி என்னைக் கைகழுவிவிடும்.

நாகர்கோவில் கோச்சிங் டீச்சர் என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒன்றுபோலத் தெரியும் சொற்களை ஜோடி ஜோடியாக எழுதிக் கொடுத்திருந்தாள். பெயின் என்கிற வலி வேறாம், ஏக் என்கிற வலி வேறாம். தக்கலை பஸ்ஸில் அதை உருப்போட்டுக்கொண்டே வருவேன். வலிக்கு எந்தப் பெயர் வைத்தால் என்ன, மாத்திரை ஒன்றுதானே என்று எரிச்சல் வரும்.

வீட்டில் நோயாளி வேஷம் என் வீட்டுக்காரருக்கு. பதினான்கு வருஷம் கல்ஃபில் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அவர் முனகுவதைப் பார்த்தால் எனக்குப் பாதிக் கேள்வி மறந்துபோகும்.

"ஏட்டி, சிரிச்சா மார்க்கு போவும்" என்பார்.

ஒருநாள் அவர் நடித்த நோயாளி, டிஸ்சார்ஜ் ஆகப்போகும் ஒரு கிழவர். பட்டியலில் அலோன், லோன்லி ஜோடி. பக்கத்தில் ஆள் இல்லாதது முதலாவது, யாருமில்லையே என்று மனசு கிடந்து தவிப்பது இரண்டாவது. வீட்டில் அலோனா என்று ஆங்கிலத்தில் கேட்டேன்.

முனகல் நின்றது. துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அலோன் இல்ல சிஸ்டர். ஒரு ரூம்ல எட்டு பேரு. லோன்லிதான்."

எட்டுப் பேர் இருந்தது கிழவரின் வீட்டில் அல்ல, கல்ஃபில் இவர் தங்கிய அறையில். வெள்ளிக்கிழமைதோறும் நான் ஃபோனில், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பேன். "கொள்ளாம்" என்பார். எங்கள் பக்கத்தில் அந்த ஒரு சொல் போதும், நன்றாக இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு பிள்ளைகள் கதைக்குப் போய்விடுவேன். வார்டில் ஒவ்வொருவரையும் தோண்டித் துருவிக் கேட்கிறவள் இவரிடம் ஒருநாளும் மேற்கொண்டு கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது, அழுதுவிட்டேன்.

"அப்பமே சொல்லியிருக்கலாம்லா?"

"சொன்னா நீ வரச் சொல்லுவ. வீடு பாதியில நின்னுச்சு."

பரீட்சையில் நோயாளியாக நடித்த அம்மாள், மகனோடு இருப்பதாகச் சொன்னார். முன்பென்றால் அதோடு விட்டிருப்பேன். லோன்லியா என்றும் கேட்டேன். அவர் நிறையப் பேசினார். நான் தேறிவிட்டேன்.

அயர்லாந்தில் நாங்கள் ஐந்து நர்ஸுகள் ஒரே வீட்டில். முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் ஃபோனில், வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஐந்து என்றேன்.

"செரி, அலோன் இல்ல. மற்றது?"

இந்த மனிதரிடம் மறைக்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அடுத்த நொடி என் வாயிலிருந்து வந்தது, "கொள்ளாம்."