அப்டேட்டுக்குப் பிறகு ஐந்து தையல்

என் கணவரின் இடது புருவத்துக்கு மேலே ஐந்து தையல் போட்ட தழும்பு இருக்கிறது. அது என்னால் வந்தது. லேப்டாப் சார்ஜரின் வயரைப் பிடித்துச் சுழற்றி, முனையில் இருந்த கனமான அடாப்டரால் அவரை அடித்தேன். நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. இப்போதுதான் எழுத முடிகிறது.

ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். அவர் மருந்து கம்பெனிப் பிரதிநிதி. தினமும் பைக்கில் டாக்டர்களைப் பார்க்கப் போய்விடுவார். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். ஆலைகளுக்கான இரும்புக் கட்டுமானங்களைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாண மாடலாக வரைவது என் தொழில். தூண், உத்தரம், போல்ட் எல்லாம் மாடலில் இருக்கும். மவுஸால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது எதன்மேல் இடிக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். திரை கையோடு ஓடி வந்தால்தான் அந்த வேலை நடக்கும்.

அப்டேட் போடச் சொல்லி லேப்டாப் மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது. வேலை முடியட்டும் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு வியாழக்கிழமை காலை நான் குளித்துவிட்டு வெளியே வந்தபோது, திரை நீலமாக இருந்தது. நடுவில் சின்னப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"இதை யாரு போட்டது?"

"நான்தான். பாவம், எத்தனை நாளா கேட்டுக்கிட்டே இருக்கு. நீ குளிக்கிற நேரத்துல முடிஞ்சிடும்னு போட்டுட்டேன்" என்றார் அவர், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே. உதவி செய்த திருப்தி அவர் முகத்தில் இருந்தது.

முடிய இரண்டு மணி நேரம் ஆனது. பிறகு மாடலைத் திறந்து மவுஸை நகர்த்தினேன். எதுவும் அசையவில்லை. நான்கு விநாடி கழித்து மொத்தக் கட்டடமும் ஒரே குதியில் திரும்பி, நான் நினைக்காத பக்கத்தில் போய் நின்றது. மறுபடி நகர்த்தினேன். மறுபடி நான்கு விநாடி. அடியிலிருந்த விசிறி ஊளையிடத் தொடங்கியது. கையை வைத்தால் சுட்டது.

அன்று மாலைக்குள் அந்த மெஷினை இரண்டு முறை அறைந்திருந்தேன். உள்ளங்கையை விரித்து, கன்னத்தில் அறைவது போல, கீபோர்டின் ஓரத்தில். அறைந்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை இன்னும் மோசம். ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்தால் பக்கத்தில் இருப்பது தேர்வானது. ஒவ்வொரு முறை தானாகச் சேமிக்கும்போதும் எல்லாம் உறைந்து நின்றதால், அந்த வசதியை அணைத்து வைத்தேன். என் டீம் லீடர் சென்னையிலிருந்து போன் செய்தார்.

"எல்லாரோட மெஷினும்தான் அப்டேட் ஆச்சு. உங்களுக்கு மட்டும் எப்படி? திங்கக்கிழமை மாடல் வரலைன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன், பாத்துக்குங்க."

போனை வைத்துவிட்டுச் சுவரை முஷ்டியால் குத்தினேன். விரல் கணுக்களில் தோல் உரிந்தது. இரவுச் சாப்பாட்டில் கை எரிந்தபோது என் கணவர் கவனித்து, "என்ன இது?" என்று கேட்டார். கதவில் மாட்டிக்கொண்டது என்றேன்.

நான் பிறந்த வீட்டில் கோபம் புதிதல்ல. நான் வளர்ந்தது பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா அங்கே பணிமனையில் வேலை பார்த்தார். அவருக்குக் கோபம் வந்தால் பொருட்கள் உடையும். ஒரு முறை மிக்ஸியைத் தூக்கித் தெருவில் எறிந்தார். ஒரு முறை ஓடிக்கொண்டிருந்த டேபிள் ஃபேனை எட்டி உதைத்தார். அதன் இறக்கைகள் கம்பிக்கூண்டை அடித்துக்கொண்டு துடித்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஆனால் அவர் ஆட்களை அடித்ததில்லை. பக்கத்து வீடுகளில் பெண்டாட்டியை அடிப்பார்கள், பிள்ளைகளை பெல்ட்டால் விளாசுவார்கள். எங்கள் அப்பா பொருட்களைத்தான் அடிப்பார் என்பதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

சனிக்கிழமை மதியம் என் கணவர் வீட்டில் இருந்தார். காலையிலிருந்து மூன்று மணி நேரம் போராடி, ஒரு மேடையின் இணைப்புகள் முழுவதையும் முடித்திருந்தேன். சேமிக்கக் கொடுத்தேன். திரை வெளுத்து உறைந்தது. காத்திருந்தேன். இருபது நிமிடம். நாற்பது நிமிடம். ஆனால் உள்ளே வேலை நடந்துகொண்டிருந்தது, அது எனக்குத் தெரியும். ஹார்டு டிஸ்க்கின் விளக்கு விட்டு விட்டு மினுங்கியது. மேஜையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். தாடை வலித்தது.

அவர் பின்னால் வந்து நின்றார்.

"ஒரு மெஷினுக்குப் போய் இப்படியா? முகத்தைப் பாரு, எப்படி ஆயிடுச்சுன்னு. எழுந்து சாப்பிடு வா."

"தொடாதீங்க. சேவ் ஆகுது."

"எங்கே சேவ் ஆகுது, ஹேங் ஆகி நிக்குது. ஆஃப் பண்ணிப் போட்டா எல்லாம் சரியாயிடும்."

சொல்லிக்கொண்டே என் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்தார். திரை கறுத்தது. விசிறியின் ஊளை இறங்கி இறங்கி நின்றது. அவர் சிரித்தபடி, "பாரு, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார்.

எழுந்தது நினைவிருக்கிறது. நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. சார்ஜரைப் பிளக்கிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் பிடுங்கியதும் நினைவிருக்கிறது. வயரை ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டு வீசினேன். கண் மண் தெரியவில்லை என்று சொல்வார்கள். எனக்கு எல்லாம் தெரிந்தது. அடாப்டர் வளைந்து போனதைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடியதைப் பார்த்தேன். தேங்காயை அம்மியில் தட்டியது போல் ஒரு சத்தம் கேட்டது.

அவர் கத்தவில்லை. நெற்றியைப் பொத்திக்கொண்டு மேஜைமேல் குனிந்தார். விரலிடுக்கில் ரத்தம் இறங்கிக் கீபோர்டில் சொட்டியது. நான் இரண்டாவது முறை ஓங்கியிருந்தேன். கை மேலே நின்றது. அந்தக் கையை எது நிறுத்தியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. என் நல்ல குணம் என்று சொல்ல மாட்டேன்.

துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவேயில்லை. என் மடியில் தலை சாய்த்திருந்தார். துண்டு நனைந்து என் சுடிதாரில் ஊறியது. புத்தூரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் பணியில் இருந்தது ஒரு பெண் டாக்டர்.

"என்னாச்சு?"

"கப்போர்டு கதவு இடிச்சிடுச்சு டாக்டர்" என்றார் என் கணவர்.

டாக்டர் என்னைப் பார்த்தார். உரிந்த கணுக்களைப் பார்த்தார்.

"நான்தான் அடிச்சேன்" என்றேன்.

"எதால?"

"லேப்டாப் சார்ஜரால."

அவர் ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே என் கணவரிடம், "போலீஸ்ல சொல்லணுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்று அவர் தலையசைத்தார். "தலையை ஆட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு டாக்டர் தைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு குத்துக்கும் என் கணவரின் கால்விரல்கள் மடங்கி விரிந்தன. முடிந்ததும் டாக்டர் கையுறையைக் கழற்றியபடி என்னிடம் சொன்னார்.

"ஒரு விரல் அளவு கீழே பட்டிருந்தா கண்ணு போயிருக்கும். இதையே ஒரு ஆம்பளை பண்ணிட்டு வந்து நின்னிருந்தா, நான் இவ்வளவு லேசா விட்டிருக்க மாட்டேன். அதையும் யோசிச்சுப் பாருங்க."

மறுநாள் காலை என் கணவர் வையம்பட்டியில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் பஸ் ஏறினார். "கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன். போன் பண்ணாதே, நானே பண்றேன்" என்றார். வாசலில் செருப்பைப் போடும்போது என் பக்கம் முதுகைக் காட்டாமல் சுவரோரமாகத் திரும்பி நின்று போட்டுக்கொண்டார். அதை அவர் வேண்டுமென்று செய்ததாகத் தெரியவில்லை.

திங்கட்கிழமை லேப்டாப்பை எடுத்துக்கொண்டு பாலக்கரையில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் நாற்பது வயதைத் தாண்டியவர், எல்லோரும் பாய் என்று கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். அவர் மகளின் லேப்டாப்பிலும் அப்டேட்டுக்குப் பிறகு திரை நடுங்குகிறதாம். பாய் பொறுமையாக, "இது நாங்க பண்ணினது இல்லீங்க. இன்னொரு நாள் விட்டுட்டுப் போங்க, பாத்துடறேன்" என்றார்.

அந்த ஆள் கவுண்டருக்கு மேலாக எட்டி, பாயின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பாயின் நெஞ்சு கண்ணாடியில் மோதியது. மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. "மூணு தடவை அலைய விட்டுட்டே. ஏமாத்தறியா?" என்று முகத்தில் ஒரு அறை விட்டார். அடுத்த அறைக்கு ஓங்கினார்.

ஓங்கிய அந்தக் கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தோளில் தொடங்கும் அந்த இனிப்பான சூடு தெரியும். அவர் அறைய வேண்டும் என்று ஒரு நொடி நான் விரும்பினேன். சொல்லவே கூசுகிறது, ஆனால் விரும்பினேன். அடுத்த நொடி அவருடைய முழங்கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன். அவர் உதறியதில் என் தோள் ஷெல்ஃபில் இடித்தது. தெருவில் இருந்தவர்கள் ஓடிவந்து அவரை வெளியே இழுத்துப் போனார்கள். அவர் பிளாட்பாரத்தில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"அடி பட்டுச்சாங்க?" என்றேன்.

"ஒண்ணும் ஆகலைம்மா, அல்லாஹ் காப்பாத்தினான்." பாய் கன்னத்தைத் தடவிக்கொண்டு என் லேப்டாப்பைத் திறந்தார். கீபோர்டில் காய்ந்திருந்த கறையைப் பார்த்தார். "காபி கொட்டிடுச்சா?"

"ரத்தம்ங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒவ்வொரு எழுத்தின் இடுக்கையும் துடைத்தார்.

கோளாறு இவ்வளவுதான். என் லேப்டாப்பில் கிராபிக்ஸுக்கு இரண்டு சிப் உண்டு. ஒன்று சாதாரண வேலைக்கு, ஒன்று கனமான வேலைக்கு. அப்டேட் ஆனபோது கனமான சிப்பை இயக்கும் டிரைவர் என்கிற மென்பொருள் மாறிப்போய், மாடல் முழுவதும் சாதாரண சிப்பின் தலையில் விழுந்திருந்தது. போதாததற்கு, அப்டேட்டின் மிச்ச வேலைகள் வேறு பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தன. பாய் பழைய டிரைவரைத் திரும்பப் போட்டார். மவுஸைத் தந்து, "சுத்திப் பாருங்க" என்றார். கட்டடம் என் கையோடு சுழன்றது. இருபது நிமிடம்கூட ஆகவில்லை. பவர் பட்டனில் தொலைந்த மூன்று மணி நேர வேலையை அன்று சாயங்காலத்துக்குள் மறுபடி வரைந்து அனுப்பிவிட்டேன். டீம் லீடர் 'நன்றி' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டார். என் வேலை தப்பித்தது. வீடு காலியாக இருந்தது.

அந்த வாரக் கடைசியில் பொன்மலைக்குப் போனேன். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பக்கத்திலேயே வாடகைக்கு இருக்கிறார்கள். அப்பா கடைக்குப் போயிருந்தார். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். கடைசியில், "அப்பா மாதிரியே கோபம் வந்துடுச்சும்மா. ஆனா அப்பா யாரையும் அடிச்சதில்லை. நான் அதையும் தாண்டிட்டேன்" என்றேன்.

அம்மா கீரையை முறத்தில் வைத்துவிட்டு ரவிக்கையின் கையை மேலே தள்ளினாள். மேல்கையின் உட்புறம், அக்குளுக்குப் பக்கத்தில், வெளுத்த நீளமான கோடு ஒன்று இருந்தது.

"ஃபேனை உதைச்சாரே, ஞாபகம் இருக்கா? இறக்கை உடைஞ்சு, துண்டு ஒண்ணு பறந்து வந்து கிழிச்சுது. உங்கிட்ட கொதிக்கிற எண்ணெய்னு சொன்னேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன. அவருதான் கட்டுப் போட்டாரு. அப்பறமும் மிக்ஸியைத் தூக்கி எறிஞ்சாருல்ல." ரவிக்கையை இறக்கிவிட்டுக்கொண்டாள். "பொருளைத்தான் அடிக்கறேன்னு எறியறவங்க சொல்லிக்கலாம்டி. எதிர்ல நிக்கறவங்களுக்கு அப்படி இல்லை."

எனக்கு அவள்மேல் கோபம் வந்தது. இத்தனை வருடம் ஏன் மறைத்தாள் என்று. அப்பா வந்ததும் அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. அவர் பையில் தக்காளியோடு உள்ளே வந்து, "எப்பம்மா வந்தே? மாப்பிள்ளை வரலியா?" என்று கேட்டார். வயதான மனிதர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன். நடந்தேன். திருச்சி ஜங்ஷன் வரைக்கும் நடந்தேன்.

பதினாறாம் நாள் என் கணவர் திரும்பி வந்தார். தையல் பிரித்திருந்தார்கள். மன்னிப்புக் கேட்டேன். "பட்டனை அழுத்தினது என் தப்பு" என்றார். "அது வேற, இது வேற. ரெண்டையும் சேர்க்காதீங்க" என்றேன். "சரி, வேறதான்" என்றார். அதை ஒப்புக்கொண்டது எனக்கு வலித்தது, ஆனால் சரியாகவும் பட்டது. கோபம் தலைக்கேறுகிறது என்று தெரிந்தால் அந்த அறையை விட்டு நான்தான் வெளியே போக வேண்டும், அவர் இல்லை என்று முடிவு செய்தோம். புத்தூர் டாக்டரிடமே கேட்டு, இதற்கென்று இருக்கும் ஆலோசகர் ஒருவரிடம் மாதம் இரண்டு முறை போகிறேன்.

அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு நான் எதையும் அடிக்கவில்லை. தலையணையைக்கூட. ஆனால் போன வாரம் அவர் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த நூலை எடுக்கக் கையை வேகமாக நீட்டினேன். அவர் கண்ணை இறுக மூடித் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் கையை நிறுத்திக்கொண்டேன். கொஞ்சம் பொறுத்து அவர் கண்ணைத் திறந்து, "என்ன, நூலா? எடு" என்று தானாகவே குனிந்து கொடுத்தார். மெதுவாக எடுத்தேன்.